ஐ.நா.வில் பிரெஞ்சு மொழிச் செய்தி அலுவலராக முடியுமா?

கேள்வி:

எனக்கு வயது 27. வீடு குரோம்பேட்டை. பிளஸ் டூவில் மதிப்பெண்ணுக்காகப் பிரெஞ்சு எடுத்தேன். பிறகு மொழி பிடித்துப்போய் பி.ஏ. பிரெஞ்சு படித்து, டெல்ஃப் பி2 என்ற பிரெஞ்சு மொழித் தேர்வும் முடித்தேன். துரைப்பாக்கத்தில் ஒரு நிறுவனத்தில், பிரான்ஸ் நாட்டு வாடிக்கையாளர்களின் புகார்களுக்குத் தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும் பதில் சொல்லும் வேலை. பகல் பன்னிரண்டரைக்குத் தொடங்கி இரவு ஒன்பதரைக்கு முடியும். சம்பளம் பரவாயில்லை. ஆனால் நான்கு ஆண்டுகளாக அதே வாக்கியங்களைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. சமீபத்தில் ஒரு சர்வதேச அமைப்பு 'பிரெஞ்சு மொழிச் செய்தி அலுவலர்' தேவை என்று அறிவித்திருந்ததைப் பார்த்தேன். அன்றிலிருந்து மனம் அதையே சுற்றி வருகிறது. இருக்கிற வேலையை விட்டுவிட்டு, பி2-க்கு அடுத்த நிலையான டால்ஃப் சி1 படிக்கட்டுமா? ஒரு தமிழ்ப் பெண் எழுதும் பிரெஞ்சை அங்கே ஏற்றுக்கொள்வார்களா? "மொழிபெயர்ப்பு வேலையை எல்லாம் இனி இயந்திரமே செய்துவிடும்" என்கிறார் அப்பா. பிரெஞ்சு வேலை என்றால் ஆப்பிரிக்காவுக்கும் போக வேண்டியிருக்கலாம், அம்மாவுக்கு அந்தப் பேச்சை எடுத்தாலே பயம். இதற்கிடையில் ஒருவர் ஐ.நா.வில் நேரடியாகச் சேர்த்துவிடுவதாகச் சொல்லிப் பதிவுக் கட்டணம் எண்பதாயிரம் ரூபாய் கேட்கிறார். பத்தாயிரம் முன்பணம் கொடுத்துவிட்டேன். எனக்கு வழிகாட்டுங்கள்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை-44

பதில்:

அன்புத் தங்கைக்கு,

முதலில் பண விஷயத்தை முடித்துவிடுவோம். அந்த நபருக்கு இனி ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ஐ.நா. தன் ஆள்சேர்ப்பில் விண்ணப்பம், நேர்காணல், பயிற்சி என எந்தக் கட்டத்திலும் கட்டணம் வாங்குவதில்லை. வேலை அறிவிப்புகளின் அடியிலேயே இதை எழுதி வைத்திருக்கிறார்கள். இடைத்தரகர் மூலம் உள்ளே நுழையும் வழி என்று ஒன்று கிடையாது. விண்ணப்பம் அவர்களுடைய சொந்த இணையதளத்தில், உங்கள் பெயரில், உங்கள் கையால் போக வேண்டும். பத்தாயிரத்தை இணையவழியில் அனுப்பியிருந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைத்துப் புகார் செய்யுங்கள். கையில் கொடுத்திருந்தால் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள். அவர் அனுப்பிய செய்திகளை அழித்துவிடாதீர்கள். வீட்டில் சொல்லவும் தயங்காதீர்கள். வெளிநாட்டு வேலை தேடுகிறவர்களின் ஆசையை வைத்துப் பிழைக்கும் கூட்டம் இந்த ஊரில் பல காலமாக இருக்கிறது. அதில் வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் இல்லை.

இனி வேலைக்கு வருகிறேன். உங்கள் அப்பா அதை மொழிபெயர்ப்பு என்று நினைக்கிறார். பெரும்பாலோர் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஒரு சர்வதேச அமைப்பின் கூட்ட அரங்கில் பிரெஞ்சைக் கையாள்கிறவர்கள் பல வகை. கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, பேச்சைக் கேட்கக் கேட்க இன்னொரு மொழியில் சொல்பவர் ஒருவர். ஆவணங்களை மொழிபெயர்ப்பவர் வேறொருவர். சொல்லுக்குச் சொல் நடவடிக்கைப் பதிவு தயாரிப்பவர்கள் தனி. பாதுகாப்பு கவுன்சிலுக்கும் பொதுச் சபைக்கும் அந்தப் பதிவுதான் அதிகாரபூர்வ ஆவணம். செய்தி அலுவலர் இந்த மூவரிலும் சேராதவர். அவர் ஒரு நிருபர். கூட்டத்தில் உட்கார்ந்து கேட்கிறார், குறிப்பெடுக்கிறார், எது செய்தி என்று முடிவு செய்கிறார், உலகின் பத்திரிகைகளும் வானொலிகளும் அன்றே எடுத்துப் பயன்படுத்தும்படி எழுதிக் கொடுக்கிறார். அவர் எழுதும் குறிப்பின் தலையில் 'ஊடகங்களுக்காக. அதிகாரபூர்வ ஆவணம் அல்ல' என்ற பொருளில் ஒரு வரி இருக்கும்.

ஐ.நா.வுக்கு அலுவல் மொழிகள் ஆறு. ஆனால் அதன் செயலகம் அன்றாடம் இயங்கும் பணிமொழிகள் ஆங்கிலமும் பிரெஞ்சும் மட்டுமே. நியூயார்க்கிலும் ஜெனீவாவிலும் கூட்டங்களைப் பற்றிய செய்திக்குறிப்புகள் இந்த இரு மொழிகளிலும் வெளிவருகின்றன. பிரெஞ்சுக் குழு ஆங்கிலக் குறிப்பு வரட்டும் என்று காத்திருந்து பெயர்ப்பதில்லை. ஒரே கூட்டத்தை இரு குழுவும் தனித்தனியே கேட்டுத் தனித்தனியே எழுதுகின்றன. ஒரே நாளின் இரண்டு குறிப்புகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். தலைப்பு, முதல் பத்தி, யாருடைய பேச்சுக்கு எத்தனை வரி என எல்லாவற்றிலும் வேறுபாடு தெரியும். செனகல், லெபனான், ஹைட்டி, கனடாவின் கியூபெக் வாசகர்களை மனத்தில் வைத்து எழுதுகிறவரின் கண்ணில் படும் செய்தி வேறாக இருப்பது இயல்புதானே. நான் இந்த வேலையில் பல ஆண்டுகள் இருந்தேன். அதில் எனக்குப் பிடித்ததே இந்தச் சுதந்திரமும் அதனோடு வரும் பொறுப்பும்தான்.

வேலை எப்படி இருக்கும் என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் இருந்து பாருங்கள். காலைக் கூட்டம் பத்து மணிக்குத் தொடங்கி ஒரு மணிக்கு முடியும். பிற்பகல் கூட்டம் மூன்று முதல் ஆறு. நாடுகளின் பிரதிநிதிகள் வரிசையாகப் பேசுவார்கள். சிலருடைய உரையின் நகல் முன்னதாகவே கைக்கு வந்துவிடும். அந்த நகலின் மேல், பேசிய வடிவமே செல்லும் என்ற பொருளில் ஒரு வரி அச்சாகியிருக்கும். அதை அலட்சியப்படுத்தினால் ஆபத்து. பேசுகிறவர் எழுதி வந்ததில் ஒரு பத்தியை விட்டுவிடுவார், அல்லது கடைசி நிமிடத்தில் தலைநகரிலிருந்து வந்த உத்தரவுப்படி ஒரு வரியைச் சேர்ப்பார். பெரும்பாலும் அந்தச் சேர்த்த வரிதான் அன்றைய செய்தி.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். கற்பனைதான், ஆனால் இப்படிப்பட்ட உரையைச் செய்தி அலுவலர் தினமும் கேட்கிறார். ஒரு சிறு தீவு நாட்டின் பிரதிநிதி பேசுகிறார். முதலில் தலைவருக்கு வாழ்த்து. தன் நாடு சேர்ந்திருக்கும் நாடுகளின் குழு சார்பில் முன்பு பேசியவரை வழிமொழிகிறார். கடல்மட்டம் உயர்வதைப் பற்றி உருக்கமாகப் பேசுகிறார். பிறகு குரல் மாறாமல், 2022-இல் எகிப்தின் ஷர்ம் எல் ஷேக் பருவநிலை மாநாட்டில், பருவநிலை மாற்றத்தால் பாதிக்கப்பட்ட நாடுகளுக்கு உதவ ஒப்புக்கொண்ட இழப்பு மற்றும் சேத நிதியில் தன் நாட்டுக்கு இன்னும் எதுவும் வந்து சேரவில்லை என்கிறார். நிலைமை மாறாவிட்டால் மேசை மேல் இருக்கும் வரைவுத் தீர்மானத்தை ஆதரிப்பது தன் நாட்டுக்குக் கடினமாக இருக்கும் என்று முடிக்கிறார். நான்கு நிமிடப் பேச்சு. உங்களுக்கு இருப்பதோ மூன்று வாக்கியங்கள்.

கடல்மட்டம் பற்றிய உருக்கத்தை முதலில் வைத்தால் படிக்க அழகாக இருக்கும், செய்தி புதைந்துபோகும். 'தீர்மானத்தை எதிர்ப்போம் என்று எச்சரித்தார்' என்று எழுதினால் தலைப்புக் கிடைக்கும், ஆனால் அவர் அப்படிச் சொல்லவில்லை. கடினமாக இருக்கும் என்றுதான் சொன்னார். பேச்சுவார்த்தைக்குக் கதவைத் திறந்து வைத்திருக்கிறார். நீங்கள் அந்தக் கதவைச் சாத்திவிட்டால் மாலைக்குள் அந்த நாட்டின் தூதரகத்திலிருந்து தொலைபேசி வரும், வருவதும் நியாயம். ஆகவே நிதி வராததையும் நிபந்தனையையும் முதல் வாக்கியத்தில் அதே அழுத்தத்தோடு, கூடவும் குறையவும் இல்லாமல் வைக்க வேண்டும். காரணம் இரண்டாவது வாக்கியம். மூன்றாவதில்தான் கடல். இதை முடிக்கும்போது அடுத்த நாட்டின் பேச்சு பாதி ஓடியிருக்கும். அதனால்தான் குழுவாக உட்கார்ந்து முறைவைத்துக் குறிப்பெடுக்கிறார்கள்.

நாள் முடிவில் மறுமொழி உரிமை என்று ஒரு கட்டம் உண்டு. தன் நாட்டைப் பற்றி இன்னொரு நாடு சொன்னதற்குப் பதில் சொல்லும் உரிமை. பொதுச் சபையில் முதல் முறை பத்து நிமிடம், இரண்டாம் முறை ஐந்து நிமிடம், அதோடு சரி. எழுதி வைத்த உரை பெரும்பாலும் இருக்காது, கோபம் இருக்கும், வேகம் இருக்கும். கேட்பவருக்குக் களைப்பும் இருக்கும். இரு தரப்பும் ஒருவர் மீது ஒருவர் சுமத்துவதை உங்கள் குரலில் ஒரு சொல்கூடக் கலக்காமல், யார் சொன்னது என்பது ஒவ்வொரு வாக்கியத்திலும் தெரியும்படி எழுதுவதுதான் இந்த வேலையிலேயே கடினமான பகுதி. இடத்தின் பெயரில்கூடச் சண்டை இருக்கிறது. பிரிட்டனும் அர்ஜென்டினாவும் உரிமை கோரும் தென் அட்லாண்டிக் தீவுகளை ஐ.நா. ஆவணங்கள் ஃபாக்லாந்து, மால்வினாஸ் என்று இரண்டு பெயரையும் சேர்த்தே குறிக்கின்றன. இவற்றை எல்லாம் கைப்பழக்கமாக வைத்திருக்க வேண்டும். எண்களும் அப்படித்தான். ஆங்கிலத்தில் பில்லியன் என்று கேட்டதைப் பிரெஞ்சில் மில்லியார் என்று எழுத வேண்டும். கேட்டதை அப்படியே பில்லியன் என்று எழுதிவிட்டால், பிரெஞ்சு வாசகருக்கு அது ஆயிரம் மடங்கு பெரிய தொகை. நூறு கோடி, லட்சம் கோடியாகிவிடும். நமக்குக் கோடிக் கணக்கும் தலைக்குள் ஓடுவதால் கூடுதல் கவனம் தேவை.

இப்போது உங்கள் முக்கியக் கேள்வி. தமிழ்ப் பெண் எழுதும் பிரெஞ்சை ஏற்பார்களா? நன்றாக எழுதினால் ஏற்பார்கள். பிரெஞ்சு இன்று பிரான்ஸின் மொழி மட்டும் இல்லை. பன்னாட்டு பிரெஞ்சு மொழி அமைப்பு 2022-இல் வெளியிட்ட கணக்கின்படி உலகில் பிரெஞ்சு பேசுவோர் 32.1 கோடிப் பேர். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஆப்பிரிக்காவில் இருக்கிறார்கள். அந்த அமைப்பின் முன்னோடி 1970-இல் பிறந்ததே நைஜர் நாட்டுத் தலைநகர் நியாமேயில்தான். ஆகவே உச்சரிப்பை நினைத்துக் கவலைப்படாதீர்கள்.

அதேசமயம் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். தலைமையகத்தில் பிரெஞ்சு மொழிச் செய்தி அலுவலர் பணியிடங்கள் மிகக் குறைவு. அதற்குப் போட்டியிடுகிறவர்கள் பள்ளி முதல் பிரெஞ்சிலேயே படித்து, பிரெஞ்சுப் பத்திரிகையில் வேலை பார்த்தவர்கள். பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், மான்ட்ரியல், டக்கார், துனிஸ், பெய்ரூட் ஆகிய ஊர்களிலிருந்து வருவார்கள். நம் பக்கத்தில் புதுச்சேரியின் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களுக்கும் அந்த அடித்தளம் உண்டு. பி2 என்பது பிரெஞ்சில் பல்கலைக்கழகப் பாடம் கேட்டுப் புரிந்துகொள்ளப் போதுமான நிலை. கெடு நேரத்துக்குள் இன்னொருவர் திருத்தத் தேவையில்லாத பிரெஞ்சு எழுதும் நிலை அதற்கு வெகு தூரம் மேலே இருக்கிறது. நீங்கள் பார்த்த அறிவிப்புக்கு இன்று விண்ணப்பித்தால் எழுத்துத் தேர்விலேயே நின்றுவிடுவீர்கள். சோர்வடையச் செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. உங்கள் சேமிப்பையும் வயதையும் எங்கே செலவிடுவது என்று தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

உங்களால் நடந்து போக முடிந்த பாதை வேறு. ஆங்கிலத்தை முதல் மொழியாகவும் பிரெஞ்சை வலுவான இரண்டாம் மொழியாகவும் கொண்ட தகவல் தொடர்பு அலுவலர். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவில் வேலை செய்யும் அமைப்புகளுக்கு இப்படிப்பட்டவர்கள் வேண்டும். நிதி கொடுப்பவர்களுக்கு ஆங்கிலத்தில் எழுத வேண்டும், உள்ளூர் அரசோடும் பத்திரிகையாளரோடும் பிரெஞ்சில் பேச வேண்டும். செனகல் தலைநகர் டக்காரில் யுனிசெஃப், உலக உணவுத் திட்டம் ஆகியவற்றின் அலுவலகங்கள் இருக்கின்றன. எல்லையில்லா மருத்துவர்கள் அமைப்பு களத்தில் தகவல் தொடர்புக்கென்றே ஆட்களை எடுக்கிறது. பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கு அங்கே எப்போதும் தேவை உண்டு. ஜெர்மனியின் பான் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஐ.நா. தொண்டர் திட்டமும் பிரெஞ்சு பேசும் நாடுகளுக்கு ஆட்களை அனுப்புகிறது. 27 வயதில் அதன் நிபுணர் பிரிவுக்கு விண்ணப்பிக்கலாம், பணி அனுபவம் சேரச் சேர வாய்ப்பு கூடும். களத்தில் பிரெஞ்சில் எழுதி எழுதிக் கை தேர்ந்த பிறகு, பொதுச் சபையின் செப்டம்பர் முதல் டிசம்பர் வரையிலான கூட்டத்தொடருக்குத் தற்காலிகமாக எடுக்கும் பணிகளைக் குறிவைக்கலாம். ஐ.நா.வின் இளம் அலுவலர் தேர்வுக்கு வயது வரம்பு 32. அதில் கலந்துகொள்ளும் நாடுகளின் பட்டியல் ஆண்டுதோறும் மாறும். இந்தியா இருக்கிறதா, உங்கள் துறை இருக்கிறதா என்று ஒவ்வொரு ஆண்டும் பாருங்கள்.

இதற்கெல்லாம் அடிப்படைத் தேவை டால்ஃப் சான்றிதழைவிட எழுத்து அனுபவம்தான். செய்தி அலுவலரைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் முதலில் கேட்பது, எங்கே, எதைப் பற்றி, யாருக்காக எழுதியிருக்கிறீர்கள் என்பது. உங்களிடம் ஒன்றுமே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். நான்கு ஆண்டுகளாகக் கோபத்தோடு பேசும் பிரெஞ்சுக்காரர்களைத் தொலைபேசியில் கேட்டு, யார், என்ன பிரச்சினை, எப்போதிலிருந்து, என்ன கேட்கிறார் என்று நான்கு வரியில் பதிவு செய்கிறீர்கள் அல்லவா? மறுமொழி உரிமையைச் சுருக்கி எழுதுவதற்கு இதைவிட நல்ல பயிற்சியை எந்தக் கல்லூரியும் தராது. மார்செய் ஆளும் லீல் ஆளும் ரெயூனியன் தீவுக்காரரும் பேசும் விதம் உங்கள் காதுக்குப் பழகியிருக்கிறது. அந்த வேலையை மட்டமாக நினைக்காதீர்கள். நேர்காணலில் இதைத் தயங்காமல் சொல்லலாம்.

ஆகவே வேலையை விட வேண்டாம். உங்களுக்குக் காலை நேரம் முழுக்கச் சும்மா இருக்கிறது. சென்னையில் வேலைக்குப் போகும் பலருக்குக் கிடைக்காத பாக்கியம் அது. சி1 படியுங்கள், கட்டாயம் படியுங்கள், ஆனால் வேலையோடு. நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் இருக்கும், 1953-இல் தொடங்கிய அலியான்ஸ் பிரான்சேஸில் வகுப்பும் தேர்வும் நூலகமும் இருக்கின்றன. சி1 எழுத்துத் தேர்வின் முதல் பகுதி உங்களுக்கென்றே வைத்தது போல இருக்கும். சில கட்டுரைகளைப் படித்து, சொந்தக் கருத்து எதையும் சேர்க்காமல், மூல வாக்கியங்களை அப்படியே எடுத்தெழுதாமல், சுமார் 220 சொல்லில் தொகுத்துத் தர வேண்டும். செய்தி அலுவலரின் பாதி வேலை இதுதான்.

மீதிப் பாதிக்குப் பயிற்சி இலவசமாகக் கிடைக்கிறது. ஐ.நா.வின் இணையத் தொலைக்காட்சியில் கூட்டங்களின் முழுப் பதிவு இருக்கிறது. பிரெஞ்சு ஒலியைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். நியூயார்க் காலைக் கூட்டம் நமக்கு மாலை ஏழரை, அங்கே குளிர்காலத்தில் எட்டரை. அப்போது நீங்கள் அலுவலகத்தில் இருப்பீர்கள். மறுநாள் காலை பதிவைப் பாருங்கள். பாதுகாப்பு கவுன்சிலின் ஒரு கூட்டத்தில் ஐந்து பேச்சாளர்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முறைதான் கேட்க வேண்டும். நிறுத்தி, பின்னால் ஓட்டிக் கேட்கும் வசதி கூட்ட அரங்கில் இருக்காது. கேட்டு முடித்த ஒரு மணி நேரத்துக்குள் பிரெஞ்சில் 300 சொல் எழுதுங்கள். எழுதி முடித்த பிறகே, அந்தக் கூட்டத்தைப் பற்றி ஐ.நா. வெளியிட்ட பிரெஞ்சுச் செய்திக்குறிப்பைத் திறக்க வேண்டும். அவர்கள் எதை முதல் பத்தியில் வைத்தார்கள், நீங்கள் எதை விட்டீர்கள், எந்த நாட்டின் நிலைப்பாட்டை வலுவாக்கிவிட்டீர்கள் என்று பேனாவால் குறித்து வையுங்கள். முதல் மாதம் உங்கள் எழுத்து உங்களுக்கே பிடிக்காது. விட்டுவிடாதீர்கள். வாரம் இரண்டு என்று ஓர் ஆண்டு செய்தால் நூறு குறிப்புகள் கையில் இருக்கும், நடையும் மாறியிருக்கும். பஸ்ஸில் போகும்போது பிரெஞ்சு சர்வதேச வானொலியின் ஆப்பிரிக்கச் செய்தியைக் கேளுங்கள். கொங்கோவில் ஐ.நா. அமைதிப் படை 2002-இல் தொடங்க உதவிய ரேடியோ ஒக்காபியையும் கேளுங்கள். உங்கள் வாடிக்கையாளர்கள் பேசாத பிரெஞ்சு அதில் இருக்கிறது. அங்கே எழுபது, தொண்ணூறு என்ற எண்களைச் சொல்வதில்கூட பாரிஸ் வழக்கம் இல்லை, பெல்ஜிய வழக்கம்தான்.

அடுத்தது, உங்களுக்கென்று ஒரு பொருள் வேண்டும். எல்லாவற்றையும் எழுதுவேன் என்பவரைவிட நீர்நிலைகளைப் பற்றி எழுதுவேன், அகதிகளைப் பற்றி எழுதுவேன் என்பவருக்கே வேலை கிடைக்கிறது. குரோம்பேட்டையிலிருந்து துரைப்பாக்கத்துக்கு ரேடியல் சாலை வழியாகப் போகிறவராக இருந்தால், தினமும் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தைக் கடக்கிறீர்கள். அது 2022-இல், ஈரநிலங்களைக் காப்பதற்கான ராம்சார் சர்வதேச உடன்படிக்கையின் பட்டியலில் சேர்ந்தது. அந்த உடன்படிக்கையின் செயலகம் ஸ்விட்சர்லாந்தின் கிளாண்டில் இருக்கிறது. ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ் மூன்றிலும் இயங்குகிறது. சதுப்பு நிலத்தை ஒட்டியே பெருங்குடி குப்பைக் கிடங்கும் இருக்கிறது. பறவை கணக்கெடுப்பவர்கள் இருக்கிறார்கள். 2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தண்ணீரில் மூழ்கிய தெருக்களின் மக்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் தமிழில் பேசிப் பிரெஞ்சில் எழுத முடிந்தவர்கள் இந்த ஊரில் எத்தனை பேர்? பாரிஸிலிருந்து வரும் போட்டியாளரால் முடியாத ஒன்று உங்களால் முடிகிறது. ஒரு காலை போய்ப் பேசி வாருங்கள். முதலில் ஆங்கிலத்தில் எழுதி இங்கே ஏதாவது ஒரு பத்திரிகையில் வெளியிட முயலுங்கள். அதையே பிரெஞ்சில் புதிதாக எழுதுங்கள். பிரெஞ்சு வாசகருக்குச் சென்னை எங்கே இருக்கிறது என்பதிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும், அந்தப் பழக்கமே இந்த வேலைக்குத் தேவையானது. முறையாக இதழியல் படிக்க வசதி இருந்தால் நல்லது. தரமணியில் ஆசிய இதழியல் கல்லூரி இருக்கிறது. ஆனால் அதற்காக வேலையை விடும் முடிவை, குறைந்தது சில கட்டுரைகளாவது அச்சில் வந்த பிறகு எடுங்கள்.

இயந்திரத்தைப் பற்றி அப்பா சொல்வதைத் தள்ளிவிட முடியாது. ஒலியை எழுத்தாக்குவதும் சுருக்குவதும் பெயர்ப்பதும் இன்று இயந்திரத்தால் நடக்கிறது, நன்றாகவே நடக்கிறது. இந்தத் துறையில் வேலைகள் குறைவதற்கு அதுவும் ஒரு காரணமாகலாம். ஆனால் அந்தத் தீவு நாட்டுப் பிரதிநிதியின் மூன்று வாக்கியங்களை நினைத்துப் பாருங்கள். கடினமாக இருக்கும் என்றாரா, எதிர்ப்போம் என்றாரா என்பதற்குப் பொறுப்பேற்க ஒரு மனிதர் வேண்டும். தூதரகம் அழைக்கும்போது, என் குறிப்பேட்டில் இப்படி இருக்கிறது, ஒலிப்பதிவும் இதையே சொல்கிறது என்று பதில் சொல்ல வேண்டும். இயந்திரம் எழுதிய வரைவில் எந்த வரி தவறு என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவருக்கே இனி வேலை. அதற்கு உங்கள் சொந்தப் பிரெஞ்சு இப்போதைவிடக் கூர்மையாக வேண்டும். ஆகவே பயிற்சிக் குறிப்புகளை எழுதும்போது எந்த மென்பொருளின் உதவியும் எடுக்க வேண்டாம்.

பணத்தட்டுப்பாடு இயந்திரத்தைவிடப் பெரிய கவலை. ஐ.நா. அமைப்புகள் பலவற்றுக்கும் 2025 முதல் நிதி வரவு சுருங்கிவிட்டது. அந்த ஆண்டு மார்ச்சில் பொதுச் செயலாளர் சீர்திருத்தத் திட்டம் ஒன்றை அறிவித்தார். பணியிடங்கள் குறைக்கப்படுகின்றன. பல காலம் உள்ளே இருந்தவர்களே வேலை தேடிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு, மூன்று ஆண்டுகளுக்குக் கதவு குறுகலாகவே இருக்கும் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். நீங்கள் தயாராவதற்கும் ஏறக்குறைய அவ்வளவு காலம் வேண்டும். ஒரே அமைப்பை நம்பியிருக்கவும் வேண்டாம். செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வதேசக் குழு, பாரிஸில் யுனெஸ்கோ, லியோனில் இன்டர்போல் என்று பிரெஞ்சு வேண்டிய இடங்கள் பல. நம் நாட்டிலேயே குருகிராமில், இந்தியாவும் பிரான்ஸும் 2015-இல் தொடங்கிய சர்வதேச சூரிய சக்திக் கூட்டமைப்பின் தலைமையகம் இருக்கிறது. அதன் உறுப்பு நாடுகளில் பிரெஞ்சு பேசும் ஆப்பிரிக்க நாடுகள் கணிசம். சம்பளமில்லாத பயிற்சிப் பணிக்கு ஜெனீவா வரச்சொன்னால், வீட்டு வாடகையையும் விசாவையும் கணக்குப் போட்டுவிட்டுச் சரி சொல்லுங்கள். ஐ.நா. செயலகம் பயிற்சிப் பணிக்குப் பணம் தருவதில்லை, ஜெனீவாவில் தங்கும் செலவோ மிக அதிகம். உலக சுகாதார அமைப்பும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் உதவித்தொகை தருகின்றன. அவற்றை முதலில் பாருங்கள்.

அம்மாவிடம் என்ன சொல்வது? ஆப்பிரிக்கா என்று மொத்தமாகச் சொல்லாமல் ஊர் ஊராகச் சொல்லுங்கள். டக்கார் கடலோரத் தலைநகரம். குடும்பத்தோடு வந்து குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பும் சக அலுவலர்கள் அங்கே நிறைய. கிழக்குக் கொங்கோவின் கோமா வேறு கதை. 2025 ஜனவரியில் அந்த நகரம் எம்23 கிளர்ச்சியாளர் கைக்குப் போனது. ஐ.நா. தன் பணியிடங்களை வாழ்க்கைச் சிரமத்தின்படி தரம் பிரித்து வைத்திருக்கிறது. தலைமையக நகரங்களுக்கு எச், மற்றவற்றுக்கு ஏ முதல் இ வரை. குடும்பத்தை அழைத்துச் செல்லக் கூடாத ஊர்கள் எவை என்பதும் தனியே குறிக்கப்பட்டிருக்கும். விண்ணப்பிக்கும் முன்பே அறிவிப்பில் ஊரைப் பார்த்து, அதன் தரத்தைத் தேடி எடுத்து, அம்மாவோடு உட்கார்ந்து படியுங்கள். எந்த ஊருக்குப் போவீர்கள், எதற்குப் போக மாட்டீர்கள் என்பதை நீங்களும் இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். நேர்காணலில் இந்தக் கேள்வி வரும், அப்போது யோசித்துக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

சி1 வகுப்பில் சேரும் முன் ஒரு மாதம் அந்தக் காலைப் பயிற்சியைச் செய்து பாருங்கள். பிற நாட்டவர் பேசுவதை மணிக்கணக்கில் பொறுமையாகக் கேட்டு, உங்கள் பெயர் எங்கும் வராத ஒரு குறிப்பை எழுதுவது உங்களுக்குப் பிடிக்கிறதா என்று அந்த எட்டுக் குறிப்புகளுக்குள் தெரிந்துவிடும். இந்தச் செய்திக்குறிப்புகளில் எழுதியவர் பெயர் இருக்காது. பிடித்திருந்தால் வகுப்புக் கட்டணத்தைக் கட்டுங்கள். எட்டில் உங்களுக்கு நிறைவு தரும் இரண்டையும், நிறைவு தராத ஒன்றையும் எனக்கு அனுப்பிவையுங்கள். திருத்தி அனுப்புகிறேன்.